பாடியில் பிளஸ் இருந்த கார்

என் வீட்டுக்காரருக்குக் குரல் போய்விட்ட வருடம், கார் பெட்டரிக்கு இரண்டு முனை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. இன்று அது தெரியும். மற்றதெல்லாம் அன்றைக்கு எப்படிக் குழப்பமாக இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். நான் பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவள், கல்யாணமாகி மலையேறியவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. அதனால் தோட்டத்திலேயே குடியிருந்தும் தேயிலைக்குள் நான் கால் வைத்தது குறைவு. என் வீட்டுக்காரர் உபதேசியார். சாமியார் பதுளையிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை பூசைக்கு வருவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, செத்த வீட்டில் நிற்பது எல்லாம் இவர்தான். தோட்டத்துச் சனம் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பராவை ஒட்டி ஒரு சின்னக் கோவில், கோவிலை ஒட்டி எங்கள் வீடு.

அவர் குரல் இருந்ததே, அதோடு குடும்பம் நடத்துவது லேசான காரியம் இல்லை. கோவில் வாசலில் நின்று ஜெபம் தொடங்கினால் எதிர்மலை லயத்தில் அடுப்படியில் இருப்பவர்களும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். "மெதுவாப் பேசுங்க, நீங்க உப்பு கேக்கிறது ஊருக்கெல்லாம் தெரியணுமா?" என்று எத்தனை தடவை அவர் மேல் எரிந்து விழுந்திருப்பேன். பிறகு தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கொழும்புக்குப் போய் அறுத்தார்கள். கட்டி போனது, ஆள் தப்பினார், குரல் மட்டும் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அந்தக் காற்றுக்குள் வார்த்தை இருக்கும், ஆனால் அதைக் கேட்க அவர் வாயருகில் காதை வைக்க வேண்டும். வீட்டில் விழுந்த அந்த அமைதியை என்னால் பொறுக்க முடியவில்லை. வேண்டுமென்றே பாத்திரங்களைத் தட்டித் தட்டிக் கழுவுவேன்.

தவக்காலம் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்தில் சிலுவைப் பாதை பெரிய விசயம். கோவிலிலிருந்து தேயிலை ரோட்டு வழியாக மலை உச்சிப் பாறை வரைக்கும் பதினான்கு இடங்களில் மரச்சிலுவை நட்டிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் உபதேசியார் முழந்தாளிட்டு ஜெபம் சொல்வார், சனம் முழந்தாளிட்டுப் பதில் சொல்லும். ரோடு வளைந்து வளைந்து ஏறுவதால் முன்னால் போகிறவர்களைப் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியாது. குரல்தான் எல்லாரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

சாமியார் நல்ல மனிதர். இவர் தோளில் கைபோட்டு, "இந்தப் பெரிய வெள்ளிக்கு வேற யாராச்சும் சொல்லட்டும், நீங்க ஓய்வா இருங்க" என்றார். இவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா என்று சாமியாருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் என் காதருகில் வந்து சொன்னார். "இந்த ஒரு தடவ நான் சொல்றேன். கடைசி ஆளுக்குக் கேட்டா இந்த வேலையில இருப்பேன். கேக்காட்டி நானே விட்டுடறேன். நீ கடைசியில நில்லு. கேட்டுச்சா இல்லையான்னு நீதான் சொல்லணும். எனக்காகப் பொய் சொல்லக் கூடாது."

எனக்குப் பயமாக இருந்தது. ஜெபம் சொல்லாத அந்த மனிதரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கோபமும் வந்தது. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, தீர்ப்புச் சொல்ல நான்தானா கிடைத்தேன்?

மறுநாளே பதுளைக்குப் பஸ் ஏறினேன். பஜாரில் என் தம்பி ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். ஜப்பான் சாமான்கள் கடைகளில் வந்து குவியத் தொடங்கிய காலம் அது. கொழும்பிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு அம்பிளிஃபயர் மொடியூல் வாங்கி வந்து, தகரப் பெட்டிக்குள் பூட்டி, வீட்டில் கேசட் போட்டுத் தெருவையே அதிர வைத்துக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்தார் அவனைத் திட்டாத நாள் இல்லை. விசயத்தைச் சொன்னதும் அவனுக்குக் கண் மின்னியது.

"தோட்டத்து ரோட்டுல கரண்டு ஏது?" என்றேன்.

"கார் பெட்டரி இருக்கே அக்கா. வீட்டுக் கரண்டை எறக்கி, நேராக்கித்தான் இந்த மொடியூலுக்குக் குடுக்கிறேன். கார்ல இருக்கிறது எறங்கின கரண்டு, நேரான கரண்டு. நேரா ஒயரைக் குடுத்தா முடிஞ்சிது. சத்தம் கொஞ்சம் கொறையும், அவ்வளவுதான்."

எறங்கின கரண்டு, நேரான கரண்டு என்றெல்லாம் சொல்லும்போது எனக்கு ஏதோ பிள்ளை வளர்ப்புப் போலக் கேட்டது. சரி என்றேன்.

காருக்கு ஹாலிஎலப் பக்கம் வாடகைக்கு ஹயர் ஓடும் ஒரு முஸ்லிம் நானாவைப் பிடித்தோம். பழைய இங்கிலாந்துக் கார், கறுப்பு நிறம், முன்னால் வெள்ளி போல மினுங்கும் பம்பர். நானா அதைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் அவருடைய மனைவி மேல் இரக்கம் வரும். "பெரிய வெள்ளியா? ஜும்மா முடிச்சிட்டுத்தான் வர ஏலும் தங்கச்சி" என்றார். எங்கள் ஊர்வலமும் மத்தியானத்துக்கு மேல்தான் என்பதால் பொருந்திப் போனது.

முன்கூட்டியே ஒரு நாள் தம்பி வீட்டு முற்றத்தில் சோதித்துப் பார்த்தோம். என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். தம்பி கறுப்பு ஒயரைக் கார் பாடியின் இரும்பில் கிளிப்பால் கடிக்க வைத்தான், சிவப்பு ஒயரைப் பியூஸ் பக்கம் கொடுத்தான். சட்டென்று பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது.

"என்னா தம்பி செஞ்சீங்க? இந்தக் கார்ல பாடிதான் பிளஸ்" என்றார் நானா.

"இல்ல நானா. கார்ல பாடி எப்பவும் மைனஸ்தான். எத்தன வேனுக்கு செட் பூட்டியிருக்கேன்."

"அது ஜப்பான் வேன். இது வெள்ளக்காரன் வண்டி. இதுல பாடி பிளஸ்."

"பிளஸ்ஸை யாராச்சும் பாடியில விடுவானா?"

"நானா விட்டேன்? அவன்கிட்டப் போய்க் கேளுங்க."

இரண்டு பேரும் பொனட்டைத் திறந்து, பெட்டரிக்கு மேல் தலையை விட்டுப் பார்த்தார்கள். நானா சொன்னது சரிதான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிளஸ் என்றால் கூட்டல், மைனஸ் என்றால் கழித்தல் என்பதோடு என் படிப்பு சரி. கூட்டுவதைக் கழித்தால் புகை வருமா?

தம்பி கருகினதை மாற்றி, ஒயரையும் மாற்றிப் போட்டான். இந்த முறை புகை வரவில்லை. பெட்டியோடு பூட்டியிருந்த ஒலிபெருக்கி ஹோர்னுக்குள் 'ஸ்ஸ்' என்று உயிர் வந்தது. நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, தம்பி கையில் இருந்த பெட்டியைக் காரின் தரையில் வைத்தான். பட்டென்று ஒரு பொறி. பியூஸ் போய்விட்டது.

"பிழையாப் போட்டாலும் எரியுது, சரியாப் போட்டாலும் எரியுது. என்னடா இது?" என்றேன்.

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தான். இன்ஜினை ஓட விட்டால் சரியாகும் என்றார் நானா. ஓட விட்டபோது பியூஸ் எரிந்ததுதான் மிச்சம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தவன் திடீரென்று எழுந்தான். "அக்கா, என் பெட்டிக்கு உடம்பு மைனஸ். நானா காருக்கு உடம்பு பிளஸ். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடக் கூடாது!" அன்றைக்கு அவன் சொன்னதில் எனக்கு விளங்கிய வசனம் இது ஒன்றுதான். எங்கள் குடும்பத்திலும் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள்.

பெட்டிக்கு அடியில் தன் வீட்டு அடுப்படிப் பலகையைப் போட்டான். பலகைக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பு. ஹோர்னைக் கார் கூரைமேல் சாக்கு விரித்துக் கட்டினான், வாய் பின்னால் பார்க்கும்படி. மைக்கும் ஹோர்னும் முகத்துக்கு முகம் பார்த்தால் ஊளையிடும் என்பதால் என் வீட்டுக்காரர் காருக்கு முன்னால் போக வேண்டும். மைக்கின் உடம்பும் இரும்பு, அதுவும் மைனஸ். "மச்சான், மைக் கார்ல படவே கூடாது. எது மறந்தாலும் இதை மறக்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவரும் தலையை ஆட்டினார்.

பிறகு மைக்கை உதட்டோடு வைத்து மூச்சு விடுவது போல ஒரு ஜெபத்தின் முதல் வரியைச் சொன்னார். அந்த மூச்சு ஹோர்ன் வழியாகத் தெருவுக்குப் பாய்ந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அது அவருடைய பழைய குரல் இல்லை. வேறு யாருடைய குரலும் இல்லை. காற்றுக்கு வாய் முளைத்தது போல இருந்தது. நான் அழுதேனா சிரித்தேனா என்று தம்பி பிறகு கேட்டான். எனக்கே தெரியவில்லை.

பெரிய வெள்ளி அன்று நானா சொன்னபடி ஜும்மா முடித்துத் தொப்பியோடு வந்து சேர்ந்தார். மேலே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. காருக்கு முன்னால் சிலுவை சுமக்கும் ஆண்களும் மெழுகுதிரி பிடித்த சில கொழுந்துக்காரப் பெண்களும் என் வீட்டுக்காரரும். காரை ஒட்டித் தம்பி. காருக்குப் பின்னால் சனம். எல்லாருக்கும் பின்னால் நான். எனக்கு முன்னால் தலையில் துண்டு போட்டிருந்த ஒரு கொழுந்துக்காரி. எனக்குப் பின்னால் ரோடும் தேயிலையும் மட்டும்.

இன்ஜின் ஓடினால் ஹோர்னுக்குள் வண்டு பறக்கிற மாதிரி ஒரு இரைச்சல். அதனால் ஒவ்வொரு இடத்திலும் நானா இன்ஜினை நிறுத்துவார், ஜெபம் முடிந்ததும் இறங்கி முன்னால் போய்க் கம்பியைப் போட்டுச் சுற்றிக் கிளப்புவார். முதல் இடத்தில் அந்தக் காற்றுக் குரல் மலையில் பரவியபோது குழந்தைகள் தாய்மாரின் முந்தானைக்குள் ஒளிந்தன. பெரியவர்கள் ஒரு கணம் பதில் சொல்லவே மறந்து போனார்கள். பிறகு சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். கடைசியில் நின்ற எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஆண்டவரே, இப்படியே போகட்டும் என்று நானும் என் பங்குக்குக் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது இடத்தில் பட்டென்று ஹோர்ன் ஒரு சத்தம் போட்டு ஊமையானது.

நடந்தது என்ன என்று பிற்பாடு தெரிந்தது. மைக் காரில் படக் கூடாது என்பதை அவர் மறக்கவில்லை. நடக்கும்போது காரிலிருந்து விலகியே நடந்தார். ஆனால் முழந்தாளிட வேண்டுமே! அவருக்கு முழங்கால் வலி உண்டு. எதையாவது பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். முதல் இரண்டு இடத்தில் சிலுவை சுமந்தவர் கை கொடுத்திருக்கிறார். மூன்றாவதில் அந்தக் கை இல்லை. மைக் பிடித்த கையையே நானாவின் மினுங்கும் பம்பரில் ஊன்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார். பிளஸ்ஸும் மைனஸும் அங்கே சந்தித்துக்கொண்டன. பிறந்ததிலிருந்து வருடா வருடம் சிலுவைப் பாதையில் முழந்தாளிட்ட எங்களில் ஒருவருக்குக்கூட, இந்த ஊர்வலத்தில் முழந்தாளிடுவோம் என்று யோசனை வரவில்லை.

கடைசியில் நின்ற எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. ஹோர்ன் நின்றது மட்டும் தெரியும். பனியில் காரும் தெரியவில்லை. முன்னால் ஓடலாமா என்று நினைத்தேன். ஆனால் கடைசியில் நில் என்று சொல்லியிருக்கிறாரே. ஓடிவிட்டால் பிறகு எதை வைத்துச் சொல்வேன்? கால் கிடந்து துடித்தது. முடிந்தது என்று நினைத்தேன். அவர் வேலையும் போனது, அவரும் போனார் என்று நினைத்தேன்.

அப்போது வளைவுக்கு அப்பாலிருந்து என்னவோ வந்தது. முதலில் முணுமுணுப்பு மாதிரி இருந்தது. பிறகு அது ஒரு வரியாகி, என்னை நோக்கி ரோட்டில் இறங்கி வந்தது. எனக்கு முன்னால் நின்ற கொழுந்துக்காரி அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். பாதி திரும்பி, தன் கட்டைக் குரலில் ஜெபத்தின் அந்த வரியை அப்படியே என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

நான் முழித்தேன்.

"என்ன உபதேசியாரம்மா நிக்கிறீங்க? பின்னால சொல்லுங்க" என்று அதட்டினாள்.

எனக்குப் பின்னால் யாரும் இல்லை. இருந்தும் அவள் அதட்டிய அதட்டலில் திரும்பி, வெறும் ரோட்டைப் பார்த்து, தேயிலைச் செடிகளுக்கு அந்த வரியைச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. அடுத்த வரி வந்தது. அதையும் சொன்னேன். அப்புறம் பதில், பின்னாலிருந்து முன்னால், எங்களிடமிருந்து தொடங்கி வளைவு வளைவாக ஏறிப் போனது.

தேயிலை மலைக்குள் வேலை செய்தவளாக இருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். கீழே கணக்கப்பிள்ளை கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டால் கிட்ட நிற்கிற நிரை அடுத்த நிரைக்குச் சொல்லும், அது அதற்கடுத்த நிரைக்குச் சொல்லும், உச்சி நிரை வரைக்கும் அந்தச் சொல் ஏறிப் போகும். சொல் வந்தால் கடத்த வேண்டும், அவ்வளவுதான். கையில் கொழுந்தும் வாயில் சொல்லுமாகக் காலம் கழித்தவர்கள் அவர்கள். முன்னால் மெழுகுதிரி பிடித்து நின்ற பெண்களுக்கு அவர் மூச்சு எட்டியிருக்கிறது. எட்டியதைக் கடத்திவிட்டார்கள். யார் தொடங்கியது என்று பிறகு ஒவ்வொருத்தியாகக் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி மற்றவளைக் காட்டினாள். மற்றவள், "அது தானா வந்துச்சு" என்றாள். தானாக எப்படி வரும்?

தம்பி கதை வேறு. காருக்குள் தலையை விட்டு, எரிந்த பியூஸில் சிகரட் பெட்டித் தாளைச் சுற்றி வைத்தானாம். வைத்த கையோடு பின்னாலிருந்து ஜெபம் கணீர் என்று கேட்டதாம். தான் திருத்திவிட்டோம் என்று ஊர்வலம் முடியும்வரை காருக்குள்ளேயே பெருமையோடு உட்கார்ந்திருந்தான். மைக் ஒயர் உள்ளே கருகிப்போயிருந்ததை மறுநாள் அவனே கண்டுபிடித்தான். கருகியது ஊர்வலத்துக்குப் பிறகுதான் என்று சாதித்தான். மூன்றாவது இடத்திலேயே கருகிவிட்டது என்றேன் நான். அந்த வழக்கு எங்களுக்குள் தீரவே இல்லை.

பாறைக்கு ஏறி முடித்துத் திரும்பும்போது நான் நிறைய யோசித்தேன். கேட்டுச்சா என்று கேட்பார். என்ன சொல்வது? கேட்டது என்றால் பொய். அவர் குரல் மூன்றாவது இடத்தோடு நின்றுவிட்டது. கேட்கவில்லை என்றால் அதுவும் பொய். ஒரு வரி தப்பாமல் எல்லாம் எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கார் பெட்டரிக்கு இரண்டு முனை இருக்கிறது. இதற்கு எத்தனை முனை?

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார். தம்பி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். நானா வாசலில் பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற அந்தக் கொழுந்துக்காரி ஒருசந்தி விரதம் முடிக்கும் கஞ்சியைச் சட்டியில் கொண்டுவந்து வாசற்படியில் நின்றாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டுச்சு மச்சான்! கடைசி வரைக்கும் கேட்டுச்சு, நான்தான் சரி பண்ணிட்டேனே" என்றான் தம்பி. அவர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். கண் என் மேலேயே இருந்தது.

"உங்க குரல் மூணாவதோட நின்னு போச்சுங்க" என்றேன். "ஆனா நீங்க சொன்னது நிக்கல. பதினாலும் எனக்கு வந்து சேந்துச்சு. எப்படின்னு கேக்காதீங்க. எனக்கு வெளங்கல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு வாய் அசைந்தது. வாசலில் நானா கார் கம்பியைச் சுற்ற, இன்ஜின் இரைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்னங்க?" என்று கிட்டப் போவதற்குள், பெஞ்சுக்குப் பக்கத்தில் கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்த கொழுந்துக்காரி நிமிர்ந்து, லயத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி, எதிர்மலைக்குக் கேட்கும்படி சத்தம் போட்டாள்.

"அடுத்த வருசமும் அவரே சொல்றாராம்!"

பக்கத்துக் காம்பராவில் ஒருத்தி அதைத் திரும்பச் சொன்னாள். அதற்கடுத்த காம்பராவில் இன்னொருத்தி சொன்னாள். காம்பரா காம்பராவாக அந்தச் சொல் லயத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தது.